ஒரே கிட்டார், ஒரே குரல்: பிராசேன்ஸை எப்படிக் கேட்பது?

கேள்வி: பாரிஸுக்கு வெளியே ஒரு பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு, ஜோர்ஜ் பிராசேன்ஸின் 'ஓவெர்ஞ்காரருக்கு ஒரு பாட்டு' என்ற பாடலை மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். வீட்டில் அவள் ஓயாமல் பாடிப் பாடி எனக்கும் பிடித்துவிட்டது. அவருடைய மற்றப் பாட்டுகளையும் தேடிக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது, ஐயா. எல்லாவற்றிலும் அதே கிட்டார், அதே குரல். மெட்டுகூட ஒன்றுபோலத்தான் கேட்கிறது. இளையராஜாவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது வறண்டுபோய்த் தெரிகிறது. என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், "அவர் பாடகர் மட்டுமல்ல, எங்கள் பெரிய கவிஞர்" என்கிறார். இன்னொருவர், "அவருடைய பாட்டை ஒரு காலத்தில் ரேடியோவில் போடவே விடமாட்டார்கள்" என்கிறார். அப்படிப்பட்டவரின் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? இவரிடம் அப்படி என்ன இருக்கிறது? எங்கிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்?

– வாசகி ஒருவர், பாரிஸ் புறநகர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் காது பொய் சொல்லவில்லை. 1952 முதல் 1976 வரை வந்த அவருடைய இசைத்தட்டுகளில் பெரும்பாலும் நீங்கள் கேட்பது அவருடைய கிட்டார், பியேர் நிகோலா வாசித்த பெரிய பாஸ் வயலின், சிலவற்றில் துணைக்கு இன்னொரு கிட்டார், அவ்வளவுதான். வயலின் கூட்டமோ டிரம்ஸோ குழுப்பாடகர்களோ கிடையாது. வேண்டுமென்றே அப்படி வைத்துக்கொண்டார். பாட்டில் ஒரு சொல்கூடக் காதுக்குத் தப்பிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அத்தனை பிடிவாதம். அதனால் அவரைக் கேட்பதற்கு வழி ஒன்றுதான்: பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் மகளும் பக்கத்தில் உட்காரட்டும். புரியாத சொல்லை அவளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த அந்தப் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது பிறந்த இடம் அவருடைய வாழ்க்கையின் நடு இடம்.

பிராசேன்ஸ் பாரிஸ்காரர் இல்லை. 1921 அக்டோபர் 22 அன்று தெற்கே மத்தியதரைக் கடலோரத்தில் சேத் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா கட்டடக் கொத்தனார், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அம்மா இத்தாலியக் குடும்பத்துப் பெண், தீவிரக் கத்தோலிக்கர், எந்நேரமும் பாடிக்கொண்டிருப்பவர். படிப்பில் பையன் சுமார்தான். பள்ளியில் அல்ஃபோன்ஸ் பொன்னாஃபே என்ற ஆசிரியர் அவருக்குக் கவிதையின் வாசலைத் திறந்துவிட்டார். அதே வயதில் நண்பர்களோடு சேர்ந்து, சொந்தக்காரர்கள் வீடுகளிலேயே நகை திருடிப் பிடிபட்டார். நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து விட்டுவிட்டாலும் ஊர் விடவில்லை. காவல் நிலையத்துக்கு மகனை அழைத்துவரப் போன அப்பா ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், 1966-இல், 'நான்கு மாணவர்கள்' என்ற பாட்டில் அந்த அப்பாவுக்கு மகன் நன்றி சொன்னார். கேட்டுப் பாருங்கள், பெற்றவர்களுக்கு நெஞ்சில் தைக்கிற பாட்டு.

1940-இல் பாரிஸில் 14-ஆம் வட்டாரத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்தார். ரெனோ கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஜூன் மாதம் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதும் அதுவும் போனது. அத்தை வீட்டில் ஒரு பியானோ இருந்தது. வட்டார நூலகம் பக்கத்தில் இருந்தது. வியோனிலிருந்து வெர்லேன் வரை கவிஞர்களை அங்கே உட்கார்ந்து படித்தார். யாப்பின் கணக்கைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் வரிகளில் அசை ஒன்று கூடவோ குறையவோ செய்யாமல் இருப்பதற்கு அந்த நூலக நாட்கள்தான் காரணம்.

1943 மார்ச்சில் கட்டாய உழைப்புச் சட்டத்தின் கீழ் அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பெர்லினுக்கு அருகே பாஸ்டார்ஃப் என்ற இடம், பி.எம்.டபிள்யூ-வின் விமான எஞ்சின் தொழிற்சாலை. ஒரு வருடம் கழித்துச் சில நாள் விடுப்பில் பாரிஸ் வந்தவர் திரும்பிப் போகவில்லை. பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து. அப்போது அவரை ஒளித்துவைத்தவர்கள் ழான் என்ற தையல் வேலை செய்த பெண்ணும் அவருடைய கணவர் மார்செல் பிளான்ஷும்தான். 14-ஆம் வட்டாரத்தில் புளோரிமோன் சந்து, 9-ஆம் எண் வீடு. முட்டுச் சந்து அது. வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை. முற்றத்தில் பூனைகளும் நாய்களும் வாத்தும் நிறைந்திருந்தன. அந்த வாத்துக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. போர் முடியும்வரை என்று போனவர் 1966 வரை, 22 ஆண்டுகள், அங்கேயே இருந்தார். பெரிய அரங்குகளில் பாடிப் புகழ்பெற்ற பிறகும் இரவில் அந்தச் சந்துக்குத்தான் திரும்பினார். தண்ணீரும் மின்சாரமும் அந்த வீட்டுக்கு வந்ததே அவருடைய பாட்டுச் சம்பாத்தியத்தில்தான்.

இப்போது உங்கள் மகளின் பாட்டுக்கு வருகிறேன். 1954-இல் வந்தது. மூன்று பத்திகள், மூன்று மனிதர்கள். முதலாமவர், தலைப்பில் வரும் ஓவெர்ஞ் பகுதிக்காரர், குளிரில் நடுங்கியவனுக்குக் கொஞ்சம் விறகு கொடுக்கிறார். இரண்டாமவர் பசித்தவனுக்குக் கொஞ்சம் ரொட்டி கொடுக்கும் பெண். மூன்றாமவர் ஒன்றுமே கொடுக்கவில்லை. போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போகும்போது, முன்பின் தெரியாத ஒருவர், வருத்தத்தோடு ஒரு புன்னகை செய்கிறார். விறகு, ரொட்டி, புன்னகை என்று கொடை கையிலிருந்து முகத்துக்கு வந்துவிடுவதைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே பெரிய கொடை என்று பாட்டு எங்கேயும் விளக்குவதில்லை. வரிசையே அதைச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு பத்தியிலும் எதிர்ப்பக்கத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள்: முதலில் கதவைச் சாத்துகிறார்கள், பிறகு பட்டினியை வேடிக்கை பார்க்கிறார்கள், கடைசியில் கைதானதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பக்கமும் படிப்படியாக மோசமாகிக்கொண்டே போகிறது. பத்தி முடிவில், நீங்கள் சாகும்போது வான்வழியே இறைவனிடம் போய்ச் சேருங்கள் என்ற வாழ்த்து. கடவுளை நம்பாத ஒருவர், நன்றி சொல்ல அதைவிடப் பெரிய சொல் இல்லை என்பதால், அம்மாவின் மதத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறார். மார்செலை நினைத்து எழுதியது என்று அவரைச் சுற்றியிருந்தவர்கள் பலர் சொன்னதுண்டு. கொத்தனாரின் மகன், திருட்டு வழக்கில் ஊர்வாயில் விழுந்தவன், ஒளிந்து வாழ்ந்தவன் என்று மூன்று பத்திகளிலும் அவருடைய சொந்த வாழ்க்கையே இருக்கிறது. ஒரு இடத்திலும் தன் பெயரையோ கதையையோ சொல்லிக்கொள்ளவில்லை. இதைப் பள்ளியில் கொடுப்பதில் எனக்கு வியப்பில்லை. கொடுக்காமல் விட்டிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

தடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதுவும் உண்மைதான். 1952 மார்ச்சில், மோன்மார்த்ரில் பாத்தஷூ என்ற பாடகி நடத்திய உணவகத்தோடு சேர்ந்த சிறு அரங்கில் அவர் முதன்முதலாக மேடை ஏறினார். அப்போது அவருக்கு வயது 30. பாட வேண்டும் என்று போகவில்லை. தன் பாட்டுகளை யாராவது பாடினால் போதும் என்றுதான் போனார். சில பாட்டுகளைத் தானே பாட எடுத்துக்கொண்ட பாத்தஷூ, மற்றவற்றை நீங்கள்தான் பாடியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பியேர் நிகோலா அங்கே பாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். அன்று பிடித்த துணையைக் கடைசி வரை அவர் விடவில்லை. இசைத்தட்டு நிறுவனத்தில் இருந்த ஜாக் கனெத்தி கேள்விப்பட்டு வந்து அழைத்துப் போனார்.

வெளிவந்த முதல் பாட்டுகளில் ஒன்று 'கொரில்லா'. கூண்டிலிருந்து தப்பிய ஒரு கொரில்லா காமவெறியில் அலைகிறது. கூட்டம் ஓடிவிடுகிறது. எஞ்சி நிற்பவர்கள் ஒரு கிழவியும் ஓர் இளம் நீதிபதியும். தன்னை யார் விரும்புவார் என்று கிழவி நினைக்க, என்னைப் பெண் குரங்கென்று நினைப்பதற்கு வழியே இல்லை என்று நீதிபதி நினைக்க, கொரில்லா நீதிபதியைப் பிடித்துக்கொள்கிறது. கடைசி வரிகளில்தான் அடி விழுகிறது: அந்த நீதிபதி கதறிய கதறல், அன்றைக்கே அவர் தலையை வெட்டச் சொல்லி அனுப்பிய மனிதனின் கதறலைப் போலவே இருந்ததாம். இதுவரை ஆபாசக் கதை என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில்தான் இது மரண தண்டனையை எதிர்க்கும் பாட்டு என்று உணர்கிறார்கள். ரேடியோ அதை ஒலிபரப்ப மறுத்தது. ஆபாசம் என்று சொன்னார்கள். நீதிபதியைப் பற்றிய அந்தக் கடைசி வரியும் சேர்ந்தே உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம். பிரான்ஸில் மரண தண்டனையை ஒழித்த சட்டம் 1981 அக்டோபர் 9 அன்று வந்தது. பிராசேன்ஸ் இறந்தது அதே மாதம் 29 அன்று. இருபது நாள் இடைவெளி. அவர் அதைப் பார்த்துவிட்டுப் போனார் என்பதில் எனக்கு இன்றும் ஒரு நிறைவு உண்டு. (இந்தப் பாட்டை மகளுக்குப் போட்டுக் காட்டச் சில வருடங்கள் பொறுத்திருங்கள்.)

மெட்டு விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், சொல் அதில் போய் உட்காரும். பிராசேன்ஸுக்கு நேர் எதிர். முதலில் சொல். ஒரு பாட்டின் வரிகளை மாதக்கணக்கில், சிலவற்றை வருடக்கணக்கில், திருத்தித் திருத்தி எழுதுவார். பிறகு மேஜையைத் தட்டித் தாளம் பிடிப்பார். பியானோவில் உட்கார்ந்து மெட்டுத் தேடுவார். ஒரே வரிகளுக்குப் பல மெட்டுகள் போட்டுப் பார்த்து, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத, தன்னைக் காட்டிக்கொள்ளாத ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார். காலையில் எழுந்து முகம் கழுவும்போது வாயில் தானாக வர வேண்டும்; ஆனால் பாடும்போது சொல்லை மறைக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றுவது எவ்வளவு கடினம் என்று மெட்டுப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கிட்டார் தெரிந்தவர் யாராவது உங்கள் வட்டத்தில் இருந்தால், 1964-இல் இயக்குநர் இவ் ரோபேரின் 'நண்பர்கள்' படத்துக்காக அவர் எழுதிய 'முதலில் நண்பர்கள்' பாட்டை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். காதுக்குச் சிறுவர் பாட்டுபோல இருக்கும். கை வைத்தால் விரல் ஓடி ஓடிக் களைத்துவிடும். அவ்வளவு ஸ்வரக்கூட்டுகள் மாறுகின்றன. சிறுவயதில் அவர் உயிராகக் கேட்டது பாடகர் ஷார்ல் திரெனேயையும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜாஸ் கிட்டாரையும். அந்த ஜாஸ் துள்ளல் அவருடைய வலதுகையில் கடைசி வரை இருந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே ஜாஸ் கலைஞர்கள் சேர்ந்து, சொல்லே இல்லாமல், வெறும் மெட்டுகளை வாசித்து இசைத்தட்டு போட்டார்கள். அதில் அவரும் ஒரு ஓரமாகக் கிட்டார் வாசித்தார். சொல் இல்லாமலும் அந்த மெட்டுகள் தலைநிமிர்ந்து நிற்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உங்களுக்கு வறட்சியாகப் பட்டால் அந்தத் தட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

"ஒரே மெட்டு" என்றீர்களே, உண்மையிலேயே அவர் ஒரே மெட்டை இரண்டு கவிதைகளுக்குப் போட்டிருக்கிறார். தற்செயலாக நேர்ந்ததில்லை அது. ஒன்று கம்யூனிஸ்ட் கவிஞர் லூயி அராகோன் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் எழுதியது. மகிழ்ச்சியான காதல் என்று ஒன்றில்லை என்பதைச் சொல்லும் கவிதை. மற்றது கத்தோலிக்கக் கவிஞர் பிரான்ஸிஸ் ஜாம் எழுதிய பிரார்த்தனை. துன்பப்படும் குழந்தைகள், பறவைகள், விலங்குகள் ஒவ்வொன்றின் பேரிலும் மரியாளை வணங்குவது. இரண்டும் 12 அசை கொண்ட வரிகள் என்பதால் மெட்டு சரியாகப் பொருந்தியது. அது மட்டும்தான் காரணமா? இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நாத்திகரின் துயரமும் பக்தரின் துயரமும் ஒரே மூச்சில் போவது தெரியும். அராகோன் கவிதையின் கடைசிப் பத்தியை, நாட்டுப்பற்றைப் பேசும் பத்தியை, பிராசேன்ஸ் விட்டுவிட்டார். அவர் சுபாவம் அது.

பிறருடைய கவிதைக்கு இசை போடுவதில் அவருக்கு ஈடு சொல்ல ஒரு சிலரே உண்டு. 15-ஆம் நூற்றாண்டு வியோன், விக்தோர் ஹ்யூகோ, லாமார்த்தீன், வெர்லேன் என்று பலரை எடுத்தார். போல் ஃபோரின் குட்டிக் குதிரைப் பாட்டை பிரெஞ்சுக் குழந்தைகள் பாடுவதை நீங்களே கேட்டிருப்பீர்கள். ஆனால் எனக்கு நெருக்கமானது பெயர் தெரியாத ஒருவருக்கு அவர் செய்தது. 1942-இல் பாரிஸ் பழம்பொருள் சந்தையில் ஒரு மெல்லிய கவிதைப் புத்தகம் வாங்கினார். 1918-இல் வந்தது, எழுதியவர் அந்துவான் போல், தொழிலால் பொறியாளர். இலக்கிய உலகில் யாருக்கும் அவரைத் தெரியாது. அதில் 'கடந்து போன பெண்கள்' என்று ஒரு கவிதை. பயணத்தில் கூட வந்து இறங்கிப் போனவள், சன்னலில் ஒரு கணம் தெரிந்தவள் என்று, வாழ்க்கையில் ஒரு சொல்கூடப் பேசாமல் போய்விட்டவர்களைப் பற்றியது. பிராசேன்ஸ் அதை விட்டுவிட்டு எடுத்து, விட்டுவிட்டு எடுத்து, 1972-இல்தான் இசைத்தட்டில் பாடினார். வாங்கிய நாளிலிருந்து 30 ஆண்டுகள். அனுமதி கேட்டு அந்தக் கவிஞரைத் தேடிப் பிடித்தார்கள். ஆனால் இருவரும் சந்திக்கும் முன்பே, 1971-இல், போல் இறந்துவிட்டார். தன் கவிதையைப் பாட்டாக அவர் கேட்கவில்லை. இன்று அந்தக் கவிதையைத் தெரியாத பிரெஞ்சுக்காரர்கள் குறைவு. இத்தாலியில் பாடகர் ஃபப்ரீத்சியோ தே அந்த்ரே அதைத் தன் மொழியில் பாட, அங்கேயும் பரவிவிட்டது.

கவிஞரா பாடகரா என்ற வழக்கில் பிரெஞ்சு அகாதெமி 1967-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கவிதைக்கான தன் பெரிய பரிசை அந்த ஆண்டு அவருக்குக் கொடுத்தது. அவரோ தன்னைக் கவிஞர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கினார். சொல்லையும் இசையையும் கலந்து ஏதோ செய்கிறேன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். உங்கள் சக ஊழியரிடம் சண்டை வேண்டாம், அவர் சொல்வதே சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 1964 தட்டில் 'இரண்டு மாமாக்கள்' என்று ஒரு பாட்டு. ஒருவர் ஆங்கிலேயர் பக்கம், மற்றவர் ஜெர்மானியர் பக்கம். இருவரும் செத்தார்கள், இன்று யாருக்கும் கவலையில்லை என்று போகும். ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடி உயிர்தப்பியவர்கள் மனம் புண்பட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் வைக்கிற அந்தச் சமன் உண்மையானதில்லை. கொள்கைக்காக உயிரை விடுவது பற்றி 1972-இல் அவர் எழுதிய பாட்டு இதற்கு ஒரு நீண்ட மறுமொழி. திறமையானது, ஆனால் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அதே 1964 தட்டில் இருக்கும் இன்னொரு பாட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஜெர்மன் வீரனைக் காதலித்ததற்காக ஒரு பெண்ணின் தலையை ஊரே கூடி மழிக்கிறது. பாடுபவன் அங்கே நிற்கிறான். தடுத்திருக்க வேண்டும், துணிவில்லாமல் நின்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறான். கீழே கிடந்த முடிச்சுருளை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்கிறான். கொள்கை பேசும்போது அவர் தடுமாறினார் என்பதும், ஒரு தனி மனுஷியைப் பார்க்கும்போது தடுமாறவே இல்லை என்பதும் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால் விளங்கும்.

போருக்குப் பிறகு அராஜகவாதிகளின் 'லிபெர்த்தேர்' பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தி, கட்டுரையும் எழுதியவர் அவர். அந்த எண்ணம் கடைசி வரை போகவில்லை. எஸ்தோனியாவில் பிறந்த யோஹா ஹைமனை 1947 முதல் காதலித்தார். சாகும்வரை பிரியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவுமில்லை, ஒரே வீட்டில் குடியிருக்கவுமில்லை. உன் கையைக் கேட்காமல் இருக்கும் பெருமை எனக்கு வேண்டும் என்ற கருத்தில் 1966-இல் அவருக்காக எழுதிய பாட்டு, நான் கேட்ட காதல் பாட்டுகளில் மிகவும் மரியாதையானது. இப்போது இருவரும் சேத் ஊரில் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். கடற்கரை மணலில் புதைக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டு எழுதிய நீண்ட பாட்டு உண்டு. அதில் தன் ஊர்க்காரரான மகாகவி போல் வலேரியோடு, என் கவிதை உங்களுடையதைவிடக் குறைந்ததாக இருக்கலாம், என் கல்லறையாவது கடலுக்குக் கிட்ட இருக்கட்டும் என்ற பாவனையில் பேசுவார். கிடைத்தது கடலோரம் இல்லை. தோ உப்பங்கழியைப் பார்த்த, ஏழைகளின் கல்லறை என்று ஊர் சொல்லும் இடம். புற்றுநோயால் இறந்தபோது 60 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

கேட்கும் வரிசை: உங்கள் மகளின் பாட்டு முதலில். பிறகு குட்டிக் குதிரை. பிறகு ழானைப் பற்றிய பாட்டு, 'நான்கு மாணவர்கள்', அராகோனும் ஜாமும் அடுத்தடுத்து. 'கடந்து போன பெண்கள்' பாட்டைத் தனியாக இருக்கும்போது கேளுங்கள். மேடைப் பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள்: நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, வியர்த்துக் கொட்ட, கைதட்டலுக்குக் கூச்சப்பட்டு நிகோலா பக்கம் திரும்பிச் சிரிக்கும் மனிதரைப் பார்த்தபின் அந்தக் குரல் வேறு மாதிரி கேட்கும்.

நீங்கள் பாரிஸிலேயே இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 15-ஆம் வட்டாரத்தில், பழைய வோஜிரார் இறைச்சிக்கூடம் இருந்த இடத்தில், அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. அவர் கடைசியாகக் குடியிருந்த வீடும் அந்தப் பக்கத்தில்தான். முன்பு குதிரைச் சந்தை நடந்த கொட்டகைகளில் சனி, ஞாயிறுகளில் பழைய புத்தகக் கடைகள் போடுகிறார்கள். அவருடைய பாடல் தொகுப்பை அங்கே கேட்டுப் பாருங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். பேர் தெரியாத கவிஞர்களின் மெல்லிய புத்தகங்களும் அந்தக் கடைகளில் கிடைக்கும்.